அம்மாவின் உள்ளங்கை

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளைப் பார்க்க முதல் தடவையாக விமானம் ஏறப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கடைசியில், செக்யூரிட்டியை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அதனால் மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டபோது நான் பதறவில்லை. பிறகு ஒரு சின்னத் துணித்துண்டை அவள் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து ஒரு கருவிக்குள் செருகினார்கள். திரையில் சிவப்பு. சுற்றி நின்றவர்கள் முகமே மாறிவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். ஏன் என்று மூன்று தடவை கேட்டேன். காத்திருங்கள் என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. நாற்பது நிமிஷம். அம்மா கைகளை மடியில் மலர்த்தி வைத்து, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் எதையும் தொடலையேடி" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அப்புறம் வேறொரு பெண் அதிகாரி வந்தார். கைக்கு ஏதாவது தடவினீர்களா என்று கேட்டார். வரிசையில் நிற்பதற்கு முன்னால்தான் அம்மா க்ரீம் தடவியிருந்தாள். அதில் இருக்கும் கிளிசரின், வெடிபொருள் துகளைத் தேடும் கருவியைச் சில சமயம் குழப்பிவிடுமாம். கை கழுவி வரச் சொல்லி மறுபடி சோதித்தார், பச்சை வந்தது. உடம்பைத் தடவிப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, முதலில் தோள், பிறகு முழங்கால், புறங்கையால்தான் தொடுவேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டார். முன்னால் நடந்ததும் சோதனைதான். ஆனால் இப்போதுதான் அம்மா மூச்சை விட்டாள். என் கோபமெல்லாம் அந்த நாற்பது நிமிஷ மௌனத்தின் மேல்தான், மாலதி.

ஏனென்றால் இந்த விதி ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பானப் புட்டிகளில் திரவ வெடிகுண்டு கொண்டுபோய் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டவர்கள் 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் பிடிபட்டார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டி கூடாது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வெடி வைத்திருந்தான். அமெரிக்காவில் எல்லோரும் ஷூவைக் கழற்றிய வழக்கம் அதன் தொடர்ச்சி. 2025 ஜூலையில்தான் கைவிட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் ட்ரேயில் பையை வைக்கும்போது எனக்கு முன்போல எரிச்சல் வருவதில்லை.

பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாதே, கையில் வைத்துக்கொள். சரக்கு அறையில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் உடனே அணைக்க ஆளில்லை. பேட்டரியில் எவ்வளவு மின்சக்தி அடங்கும் என்பதை வாட்-ஹவர் என்று அளப்பார்கள்; 100 வாட்-ஹவர் வரைக்கும் பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம். பவர் பேங்கில் 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 74 வாட்-ஹவர்தான் வரும். டிக்கெட்டில் உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்கிறதா என்று இன்றைக்கே பார். உடம்பைத் தொட்டுச் சோதிப்பதானால் பெண் அதிகாரி வேண்டும், தனி அறை வேண்டும் என்று கேள். தயங்காதே.

இமிகிரேஷனில் எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய் என்பார்கள். கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டாலும் உன்மேல் சந்தேகம் என்று நினைத்துக்கொள்ளாதே. மகளின் முகவரியையும் போன் நம்பரையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் தவித்துப்போவாய். உள்ளே தனியாகக் கூப்பிட்டால் போ, உட்கார், ஆனால் என்ன காரணம் என்று மரியாதையாகக் கேள். பதில் வராவிட்டாலும் கேள்.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வரி எழுது. அம்மா இப்போது பயணத்தன்று க்ரீம் டப்பாவைத் திறப்பதே இல்லை. உன்னையும் தடவ வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
வசந்தி