காமன் பொட்டலை விடியும்வரை எங்களுக்கு விடுங்கள்

மதிப்புக்குரிய தோட்ட நிர்வாகத்தினருக்கும் பங்களா விடுதியை நடத்துவோருக்கும்,

வணக்கம். சென்ற மாசிப் பௌர்ணமி இரவு எமது தோட்ட டிவிசனில், காமன் கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். காவலர்களை அனுப்பியவர்களும், மறுநாள் காலை அவர்களிடம் விவரம் கேட்டறிந்தவர்களும் நீங்களே என்பதால், நான் அதை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பொட்டலில் நின்ற நாங்கள் கண்டதும், பொட்டலுக்கு வராத உங்கள் காதுக்கு எட்டியிராததுமான சிலவற்றை மட்டும் சொல்லி, ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இந்த மடல். அடுத்த மாசிப் பௌர்ணமி இரவு காமன் பொட்டலை விடியும்வரை எங்களுக்கு விடுங்கள்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று, காமனாகிய மதனாகப் பின்பு எரிக்கப்போகும் கம்பத்தை ஊன்றுகிறோம். ரதி, மதன் வேடம் கட்டுகிறவர்களுக்குக் காப்புக் கட்டுகிறோம். அன்றிலிருந்து அவ்விருவரும் மச்ச மாமிசம் தொடுவதில்லை, வீட்டில் படுப்பதுமில்லை. தேவர்கள் கேட்டுக்கொண்டதற்காகச் சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் நெற்றிக்கண் பட்டுச் சாம்பலாகிறான். ரதி அழுது மன்றாடிய பிறகு அவனுக்கு உயிர் மீள்கிறது, ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிகின்ற உருவாக. எமன் வருவதும், சலங்கை அதிர வீரபத்திரன் ஆடி வருவதும் பிள்ளைகளுக்குப் பிடித்தமானவைதாம். ஆயினும் பெரியவர்கள் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது ரதியின் ஒப்பாரிக்காக. அந்த ஒப்பாரிக்கு உரிய நேரம் விடியற்காலை. மதனை அதற்கு முன்பு எரிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

என் சித்தப்பா பத்தொன்பது வருடங்களாக ரதி வேடம் கட்டுகிறார். கூத்து நாட்களிலும் பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நிற்பவர். மாலையில் தண்ணீர் விழும் பீலிக்கரையில் குளித்துவிட்டு வந்து அரிதாரத்துக்கு உட்காருவார். சென்ற பௌர்ணமி இரவு பத்து மணிக்கே ஒலிபெருக்கியை நாங்களாகவே கழற்றி வைத்துவிட்டோம். தப்பு மேளமும் மனிதக் குரலும் மட்டுமே இருந்தன. பதினொன்றரை மணிக்கு வந்த காவலர்கள், பங்களாவில் தங்கியிருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது, அரை மணித்தியாலத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். கூத்து வாத்தியார் கைகூப்பிக் கேட்டார். பயனில்லை. கம்பத்தை எரிக்காமல் விட்டுப் போவது பெருங்குறை என்பதால், பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே மதனை எரித்தோம்.

சித்தப்பா ஒப்பாரியைத் தொடங்கினார். முதல் அடி முடிந்து இரண்டாம் அடிக்குக் குரலை உயர்த்தியபோது, காவலர்கள் பங்களாத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை இழுத்து வந்து எரிகின்ற கம்பத்தின் மேல் பீய்ச்சினார்கள். நெருப்பு சீறி அணைந்தது. நனைந்த வறட்டியிலிருந்து கிளம்பிய புகை அவர் முகத்தில் அடித்தது. மஞ்சள் பூசிய கன்னத்தில் கண்மையும் சாம்பலும் கோடுகோடாக வழிந்தன. நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், பாதியில் நின்ற சொல்லோடு அப்படியே நின்றார். தப்படித்தவர்கள் அடியை நிறுத்தவும் தெரியாமல் தொடரவும் தெரியாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் பிள்ளைகளின் நெற்றியில் பூசுவதற்காகச் சாம்பல் அள்ள வந்த பெண்கள் அங்கே சேற்றைத்தான் கண்டார்கள். அதன் பிறகு இரண்டு நாட்கள் சித்தப்பா சரியாகப் பேசவில்லை. இதுவரை அவர் எவரையும் குறை சொல்லவுமில்லை. குறை சொல்வது நான்.

என் அப்பாயி அன்று இரவு முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியத் தலைவர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி தங்கையை இந்தியாவுக்கு ரயில் ஏற்றி அனுப்பியவர் அவர். அந்த ரயிலுக்கு நம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள். போன தங்கை திரும்பவில்லை. செத்த செய்திகூடப் பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது. அப்பாயி அந்தச் சாவுக்கு அழுதது காமன் பொட்டலில், ரதியின் குரலோடு குரலாக. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், இப்படி அழுவதற்கு ஓர் இழப்பு இல்லாத வீடு இல்லை. நீங்கள் தண்ணீர் ஊற்றி நிறுத்தியது எதை என்பது இப்போதாவது உங்களுக்கு விளங்க வேண்டும்.

இரண்டு வாரங்கள் கழித்து விடுதியிலிருந்து கோயில் கமிட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை தோறும் விருந்தினர்களுக்காக இருபது நிமிட முகமூடி ஆட்டம் ஒன்றை நடத்தித் தரும்படியும், எமனும் வீரபத்திரனும் போதும், அழுகைப் பாட்டு வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தது. பணமும் தருவதாகச் சொன்னீர்கள். பணத்துக்கு எங்களுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது சம்பளப் பட்டியலை எழுதுகின்ற உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் கமிட்டி மறுத்தது. காப்புக் கட்டாதவன் எமன் முகத்தை எடுத்து மாட்டக்கூடாது. ரதி அழாத இடத்தில் எமனுக்கு வேலையுமில்லை.

பொட்டல் தோட்டத்துக் காணி, உங்களுக்கு அதில் உரிமை கிடையாது என்று காவலர்கள் சொன்னார்கள். உண்மைதான், எங்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. 1823இல் கோப்பிக்காகக் காடு வெட்ட அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்களுக்கு இன்றும் படுக்கிற லயத்துக்கே உறுதி இல்லாதபோது, பொட்டலுக்கு எங்கே போவது? வெள்ளைக்காரப் பேரரசின் ஆட்சி இலங்கையில் முடிந்த அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளிடம் போனது. இத்தனை கை மாறியபோதும், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் இருந்த காலத்திலும், இந்தப் பொட்டலில் மதன் விடியற்காலையில்தான் எரிந்தான் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பேரரசு போய்விட்டது. அது விட்டுப்போன பங்களாவில் ஒரு இரவு தூங்க வருகிறவர்களுக்காக எங்கள் கம்பத்தை அணைக்கலாம் என்ற துணிவு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை. சென்ற முறை போலவே பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுகிறோம். கம்பத்தைச் சுற்றி எங்கள் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வைத்துக்கொள்கிறோம். பௌர்ணமியான போயா தினம் விடுமுறைதான். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்கு வழமைபோல் வந்து நிற்போம். அன்றைய திகதியை முன்கூட்டியே உங்களுக்கு எழுதித் தருகிறோம், பங்களாவில் அறை கேட்பவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். விரும்புகிற விருந்தினர்கள் பொட்டலுக்கு வந்து எங்களோடு சாக்கில் உட்காரட்டும், தேத்தண்ணி தருவோம்.

நாங்கள் கேட்பது ஒரு இரவை. மாசிப் பௌர்ணமி இரவு, விடியும்வரை, காமன் பொட்டல். இதற்கான அனுமதியை மூன்றாம் பிறைக்கு முன்பாக எழுத்தில் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கம்பத்துக்கான ஆமணக்கைச் சித்தப்பா பீலிக்கரை ஓரத்தில் ஊன்றியிருக்கிறார். இப்போது அது முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
ரதி வேடக்காரரின் அண்ணன் மகன்,
கீழ் டிவிசன் லயத்திலிருந்து