கடுகு வயலில் ஒரு பனிக்காலம்

லிங்கன்ஷயர், இங்கிலாந்து,
பிப்ரவரி.

அன்புள்ள தங்கராசு,

உன் கடிதம் பொங்கல் முடிந்த வாரத்திலேயே வந்து சேர்ந்தது. நிலக்கடலை விதைத்த மறுநாளிலிருந்து மயில்கள் கூட்டமாக இறங்கிக் கிளறுவதையும், அவற்றை விரட்டலாமே தவிரத் தொடக் கூடாது என்று சட்டம் கட்டிப் போட்டிருப்பதையும் எழுதியிருந்தாய். கடிதத்தின் கடைசியில், புறாவைச் சுடுவதற்காக ஒருவன் பனியில் பகல் முழுவதும் குந்தியிருப்பானா என்று கேலியாகவும் கேட்டிருந்தாய். கேட்டது நியாயந்தான். இந்தக் குளிர்காலத்தில் நானே அதை என்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டேன்.

முதலில், இது நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் அடையும் மாடப்புறா அன்று. மரப்புறா என்பது அரை கிலோ எடையுள்ள பருத்த பறவை; கழுத்தின் இருபுறமும் வெள்ளைத் திட்டு இருக்கும், சிறகை விரித்தால் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை பளிச்சிடும். பிரிட்டனில் ஏறத்தாழ 50 லட்சம் இணைகள் கூடு கட்டுகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரத்துக் கொட்டைகளையும் பீச் மரத்துக் கொட்டைகளையும், அறுவடையான தாளடியில் சிந்திக் கிடக்கும் தானியத்தையும் தின்று அவை கொழுத்துவிடும். டிசம்பர் வாக்கில் அவையெல்லாம் தீர்ந்த பிறகு, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நிற்பது பெரும்பாலும் ஒரே பயிர்தான். இங்கே ரேப் என்று சொல்லும் எண்ணெய்க் கடுகு அது. கடைகளில் கனோலா எண்ணெய் என்று விற்கிறார்களே, அந்த இனம். ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ விதைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு தரையாக நின்று, ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளாகப் பூப்பது. இலையில் சத்து குறைவாகையால் புறா வயிற்றை நிரப்பப் பகல் முழுவதும் கொத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அடையப் போகும் நேரத்தில் விழுந்த ஒரு புறாவின் தொண்டைப் பையைக் கீறிப் பார்த்தால் உள்ளே கைப்பிடி கொள்ளாத அளவுக்கு இலைத் துணுக்குகள் அடைந்திருக்கும். வேகவைத்த முட்டைக்கோசின் நாற்றம் அடிக்கும்.

செடி உடனே செத்துவிடுவதில்லை. நடுக்குருத்து தப்பினால் வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். ஆனால் நரம்பு மட்டும் மிஞ்சும்படி மேய்ந்த இடம் பிந்திப் பூக்கும், பிந்தி முற்றும். ஒரே வயலில் ஒரு பாதி அறுவடைக்குக் காய்ந்து நிற்க மறுபாதி பச்சையாக இருந்தால் அறுவடை இயந்திரத்தை எந்த நாளில் இறக்குவது? புறா அடர்ந்த பயிருக்குள் இறங்க விரும்பாது, நடுவே தரை தெரியும் இடத்தையே தேடும் என்பதால், ஏற்கெனவே நலிந்து நிற்கும் பகுதிதான் மேலும் நலிகிறது. நலிவுக்கு முதற் காரணம், துள்ளித் துள்ளி இலையை அரிக்கும் தெள்ளு வண்டு. விதைக்குப் பூசிவந்த நியோனிக்கோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கட்டுப்படுத்திய பின்னர் அந்த வண்டின் கை ஓங்கி, பலர் கடுகையே கைவிட்டார்கள். 2012இல் ஏழரை லட்சம் ஹெக்டேர் அளவுக்கு விரிந்திருந்த பயிர், 2024இல் மூன்று லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. பரப்பு சுருங்கினாலும் வாய்கள் சுருங்கவில்லை. எஞ்சிய வயல்களின்மேல் அத்தனையும் வந்து விழுகின்றன.

மயிலைப் போலவே இங்கும் எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் உண்டு. ஆனால் பயிருக்குக் கடுமையான சேதம் நேரும் இடத்தில் மரப்புறாவைச் சுட இங்கிலாந்தில் ஒரு பொது உரிமம் இருக்கிறது. இப்போது நடப்பிலிருப்பது ஜி.எல். 42. தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்றாலும், நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், வேறு வழிகளிலும் விரட்ட முயன்றிருக்க வேண்டும், வேடிக்கைக்காகச் சுடுவதாக இருக்கக் கூடாது. 2019 ஏப்ரலில் வைல்ட் ஜஸ்டிஸ் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு வழக்கு மிரட்டல் விடுத்ததும் பழைய உரிமங்கள் ஓரிரு நாள் அவகாசத்தில் ரத்தாகி, உழவர்கள் திகைத்துப் போனார்கள். அந்த அமைப்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை. உரிமத்தின் வாசகம் அதன் பிறகுதான் தெளிவானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தக் கூட்டங்களில் கழுத்து வெள்ளை இல்லாத, சற்றே சிறிய வேறொரு புறாவும் கலந்து வரும். அதைச் சுடுவது குற்றம். மங்கிய வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாத நேரங்களில் துப்பாக்கியை மடியிலேயே வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன். பொம்மைப் புறாக்களைக் காட்டி உயிர்ப் புறாக்களை இறக்குவதுதான் இந்த முறை. முதல் நாளே வண்டியில் சுற்றி, தொலைநோக்கியால் பார்த்து, அடையும் காட்டிலிருந்து வயலுக்கு எந்தக் கோட்டில் பறந்து வருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். வேலியோரத்தில், காற்று முதுகுக்கு வரும்படி, வலையும் கிளைகளும் கொண்டு மறைவிடம் கட்ட வேண்டும். முன்னால் இருபது இருபத்தைந்து கெஜத்தில் பொம்மைகளைக் குதிரை லாட வடிவில் பரப்பி, நடுவில் வெற்றிடம் விட வேண்டும். காற்றை எதிர்த்தே புறா இறங்கும் என்பதால் அந்த வெற்றிடத்துக்கு நேராக நம்மை நோக்கி வரும். பேட்டரியில் சுழலும் இரண்டு கைகளில் செத்த புறாக்களைப் பொருத்திச் சுற்றவிட்டால், சிறகின் வெள்ளைப் பட்டை தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கும். விழுந்த புறாக்களை, தலை தாழாதபடி குச்சி கொடுத்து, பொம்மைகளோடு சேர்த்து வைக்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் ஒரு புறா போதும், மேலே வரும் கூட்டம் முழுவதையும் திருப்பி அனுப்ப. கோடையில் சாய்ந்த பார்லியின்மேலோ அறுத்த தாளடியிலோ இவை அத்தனையும் சொன்னபடி நடக்கின்றன. புறாக்கள் ஒன்றிரண்டாக, விட்டுவிட்டு, பகல் முழுவதும் வருகின்றன.

குளிர்காலத்தில் ஒன்றும் சொன்னபடி நடப்பதில்லை. காரணம் கூட்டம். கோடையில் தனித்தனியாகத் திரிந்த பறவைகள் இப்போது நூறு நூறாக, சில நாட்களில் ஆயிரக்கணக்கில், ஒரே உடம்பாக நகர்கின்றன. என்னுடைய சில டஜன் பொம்மைகளுக்கு அப்பால், முந்நூறு கெஜம் தள்ளி, உண்மையான புறாக்கள் ஒரு ஏக்கரையே சாம்பல் நிறமாக்கிக்கொண்டு இறங்கியிருக்கும்போது, பிளாஸ்டிக்கை நம்பி எந்தப் புறா வரும்? வழி தவறிய ஒன்றைச் சுட்டால் அந்தச் சத்தத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து, வானத்தில் இரண்டு வட்டமிட்டு, அடுத்த பண்ணையின் கடுகில் இறங்கிவிடும். அங்கே யாராவது விரட்டினால் மீண்டும் இங்கே வரும். பெரும்பாலும் வயலின் மறுகோடிக்கு. மறைவிடத்தைக் கலைத்து, பேட்டரியையும் மூட்டைகளையும் சுமந்து, ஒட்டுகிற களிமண்ணில் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தால், அவை காலையில் நான் இருந்த இடத்துக்கே திரும்பியிருக்கும்.

வானிலையும் ஒத்துழைப்பதில்லை. காற்றில்லாத நாளில் எந்தத் திசையிலிருந்தும் இறங்கலாம் என்பதால் என் அமைப்புக்குப் பொருளே இல்லாமல் போகிறது. மழை நனைத்தாலும் உறைபனி படிந்தாலும் பொம்மைகளின் முதுகு மினுமினுத்து, வந்த புறா நாற்பது கெஜத்துக்கு அப்பாலேயே துள்ளித் திரும்புகிறது. அத்தனை தூரத்தில் சுட்டால் காயம்தான் படும், ஆகவே நான் சுடுவதில்லை. மூடுபனி நாளில் தலைக்கு மேலே சிறகோசை மட்டும் கேட்கும். குளிர் குறைந்த ஆண்டுகளில் காட்டுக்குள்ளேயே கொட்டையும் ஐவிக் கொடியின் பழமும் மிஞ்சியிருக்கும். அப்போது அவை மதியம் வரை வயல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு விடிந்து நான்கு மணிக்கு முன்னே இருட்டும் டிசம்பரில் மதியம் போனால் என்ன மிஞ்சும்? சுழலும் கருவியைப் பற்றி விற்பவர்கள் சொல்லும் புகழையும் நான் இப்போது நம்புவதில்லை. நாடெங்கும் அதைச் சுற்றவிட்டு, ஜனவரிக்குள் பிழைத்திருக்கும் புறாக்கள் அத்தனைக்கும் அதன் பொருளைக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அதை நிறுத்திவிட்டுப் பொம்மைகளை மட்டும் வைத்த நாட்களில்தான் ஒரு சிலவாவது அருகில் வந்தன.

இதைச் சொன்னால் இங்கே உள்ள மூத்தவர்கள் மேஜர் ஆர்ச்சி கோட்ஸின் பெயரை எடுத்துவிடுகிறார்கள். ஹாம்ப்ஷயரில் புறா சுடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். 1962 ஜனவரியில் ஒரே நாளில் தனி ஆளாக 550 புறாக்களை வீழ்த்தினார். அவரது திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் குளிர்காலக் கடுகு இப்படிப் பரவியிருக்கவில்லை. பச்சை என்று கிடைத்த இடங்கள் சில, பறவைகள் பசித்திருந்தன, விரட்டினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். எழுபதுகளுக்குப் பின் கடுகு பெருகிய பிறகு அவற்றுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. அந்தப் பரப்பு மீண்டும் சுருங்கியிருப்பதால் பழைய நிலை திரும்பும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதன் அறிகுறி இன்னும் தெரியவில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொரு பழைய செய்தி. ஆர். கே. மர்ட்டன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் கேம்பிரிட்ஜ்ஷயரின் கார்ல்ட்டன் என்ற ஊரில் பல ஆண்டுகள் மரப்புறாக்களை எண்ணினார்கள். அரசு அந்நாளில் தோட்டாவின் விலையில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டு, குளிர்காலத்தில் புறாக்களைச் சுடும்படி ஊக்குவித்துவந்தது. மர்ட்டன் கண்டது என்னவென்றால், குளிர்காலத்தில் எத்தனை புறா பிழைக்கும் என்பதை முடிவுசெய்வது தோட்டா அன்று, இரை. சுட்டு வீழ்த்தியவை பெரும்பாலும் எப்படியும் பசியால் செத்திருக்கக் கூடியவை. ஆகவே வசந்தத்தில் கூடு கட்டும் எண்ணிக்கை குறையவில்லை. மானியம் அறுபதுகளின் கடைசியில் நின்றுபோனது. பிறகு கடுகு வந்து அந்தப் பசியையும் தீர்த்துவைத்தது; புறாக்கள் பெருகின. ஆக, நான் மூட்டை நிறையக் கொண்டுவந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும் அடுத்த ஆண்டு வரும் கூட்டம் அதேதான்.

அப்படியானால் அங்கே உட்கார்ந்து என்ன செய்கிறேன்? நம் சங்கப் பாட்டில் பரண்மேல் இருந்து தினைக்குக் கிளி கடியும் பெண்கள் செய்ததைத்தான் செய்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் கிளிகளின் தொகையைக் குறைக்கப் போகவில்லை. கதிர் முற்றும் வரை அவற்றை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பண்ணைக்காரர் ஒருநாளும் எத்தனை விழுந்தன என்று கேட்பதில்லை. காட்டோரமாக நலிந்து கிடக்கும் அந்தப் பத்து ஏக்கரில் இன்று இறங்கினவா என்றுதான் கேட்கிறார். எனக்குச் சலிப்பு தரும் நாளே, அதாவது ஒரு பறவையும் அருகில் வராத நாளே, அவருக்கு நல்ல நாள். இதை ஒப்புக்கொள்ளத் துப்பாக்கி பிடித்த கைக்கு மனம் வருவதில்லை. கூட்டம் பெருத்து நிற்கும் நாளில் வேட்டைக்காரன் போக விரும்புவதில்லை, பண்ணைக்காரருக்கோ அன்றுதான் ஆள் வேண்டும். இந்த இழுபறியில்தான் பல நட்புகள் முறிந்து அனுமதிகள் பறிபோகின்றன. நான் இப்போது பொம்மைகளை நம்பி ஒரே இடத்தில் பகலைக் கழிப்பதை விட்டுவிட்டு, நலிந்த பகுதிக்கு மட்டும் போய், நேரத்துக்கு நேரம் இடம் மாறி, நடமாடிக்கொண்டே இருக்கிறேன். புரோபேன் வாயுவில் வெடிக்கும் கருவி ஒன்றும், கோல் நுனியில் பறக்கும் பருந்துப் பட்டமும் வயலில் இருக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் புறாக்கள் அவற்றின் அடியிலேயே மேயும். தினம் இடம் மாற்றி, இடையிடையே ஒரு மனிதனும் உண்மையான துப்பாக்கியோடு தோன்றினால் ஓரளவு மதிக்கின்றன. உன் மயில்களிடமும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்: சோளக்கொல்லைப் பொம்மையை ஒரே இடத்தில் ஊன்றி விட்டுவிடாதே.

பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு, புறாக்கள் அடையும் காடுகள் ஒவ்வொன்றிலும் அந்தி நேரத்தில் ஆட்களை நிறுத்துகிறார்கள். கூட்டத்துக்குத் தப்பிச் செல்லும் இடம் இல்லாமல் போவதால் அந்த ஒரு வேளை மட்டும் வேலை ஒழுங்காக நடக்கிறது. நல்ல காற்றும் அடித்தால் உயரே பறக்க முடியாமல் மரத்தையொட்டித் தாழ்ந்து வருகின்றன. விழுந்தவற்றில் நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்து, மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு வறுத்தால், நாட்டுக்கோழியைவிடக் கறுத்த, ஈரல் சுவை கொண்ட கறி கிடைக்கிறது. அதிக நேரம் அடுப்பில் விட்டால் தோலாகிவிடும். மிஞ்சியவற்றை வாங்கிக்கொள்ளும் வியாபாரிகள் கொடுக்கும் விலை தோட்டாவின் விலைக்குக்கூடக் காணாது. ஈயக் குண்டிலிருந்து எஃகுக் குண்டுக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்தில் அந்தக் கணக்கு இன்னும் மோசம்.

மார்ச் கடைசியில் கடுகு தண்டு விட்டு முழங்கால் உயரம் வந்துவிட்டால் இறங்க இடமின்றி அவை தாமே விலகிவிடும். அதற்குள் பட்டாணி விதைப்பு தொடங்கிவிடுகிறது. பண்ணைக்காரர் அந்த வயலின் வரைபடத்தை நேற்றே என்னிடம் கொடுத்துவிட்டார். முளைவிட்ட பட்டாணிக்கு அவை சின்னச் சின்னக் கூட்டமாகத்தான் வரும், பொம்மைகளையும் நம்பும் என்பதால், அதை நான் ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன். கடலைக்கு மேல் வலை விரிப்பதற்கு ஏக்கருக்கு என்ன செலவாகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. பண்ணைக்காரர் தம் தோட்டத்து முட்டைக்கோசுக்கு அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார், நம் ஊர் விலையைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்