தண்ணீர் ஊற்றிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய செடியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "எல்லா இலையும் கொட்டிப்போச்சு, செத்துடுச்சு போலம்மா, இன்னைக்கு நல்லா தண்ணி விடப்போறேன்" என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் விடாதே. அது சாகவில்லை, தூங்குகிறது.

ஒத்தோன்னா ஹெரே என்ற உன் சதைச்செடியின் வழக்கம் அது. அதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனுக்கு வடக்கே, நமீபியா எல்லையை ஒட்டிய ரிக்டர்ஸ்வெல்ட் மலைப் பாலை. அங்கே கொஞ்சநஞ்ச மழையும் குளிர்காலத்தில்தான். கடலிலிருந்து வரும் மூடுபனியும் செடிக்கு ஈரம் கொடுக்கும். குளிரில் துளிர்க்கும், வெயில் ஏறியதும் இலையை உதிர்த்துவிட்டு, பருத்த தண்டில் சேர்த்துவைத்த நீரோடு காத்திருக்கும். உங்கள் ஊரில் டிசம்பர் கோடை அல்லவா? சரியான நேரத்தில்தான் கொட்டியிருக்கிறது.

தண்டை விரலால் லேசாக அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் கவலை இல்லை, கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. கொழகொழவென்று அமுங்கினால்தான் அழுகல். முண்டு முண்டாக இருக்கிறதே, அது நோயில்லை. இலை உதிர்ந்தாலும் அதன் அடிப்பகுதி தண்டிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முண்டும் ஒரு இலை இருந்த இடம். எனக்கு இந்தச் செடியில் பிடித்ததே அதுதான்.

நம் மொட்டைமாடியில் பெரிய அடீனியம் (பாலைவன ரோஜா) இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழையில் அதை உள்ளே எடுத்து வைக்காமல் விட்டேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, தொட்டால் உள்ளே கூழ். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அப்புறம், நர்சரியில் "விதையிலிருந்து வளர்த்ததுதானே?" என்று நான் இரண்டு தடவை கேட்டது உனக்குச் சங்கடமாக இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை, தம்பி. 2019 முதல் ரிக்டர்ஸ்வெல்ட் பக்கத்துச் சதைச்செடிகளைத் திருடித் தோண்டிக் கடத்துவது பெருகிவிட்டது. மெதுவாக வளரும் செடிகள். தோண்டிய இடம் சீக்கிரம் நிரம்பாது. யாராவது பெரிய தண்டு ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதே. எனக்குப் பரிசாகக்கூட வேண்டாம்.

தொட்டியை உச்சிவெயில் படாத, காற்றோட்டமான ஜன்னலுக்கு மாற்று. ஏப்ரலில் ராத்திரி குளிர ஆரம்பித்ததும் தண்டின் நுனியைக் கவனித்துக்கொண்டே இரு. பச்சை முளை தெரிந்தால் அன்றைக்கே எனக்குப் படம் அனுப்பு. எந்த நேரமானாலும் சரி. முதல் தண்ணீரை அப்புறம் ஊற்றலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா