காற்றுக்குழாய் மாடல்களில் திரும்பி நிற்கும் இணைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடங்களை முப்பரிமாண மாடலாக வரையும் மென்பொருள்களைப் பற்றி நாளிதழ்களில் எழுதப்படுபவை பெரும்பாலும் அவற்றின் வேகத்தையே பேசுகின்றன. அந்த மாடலை நம்பித் தகடு வெட்டுபவர்கள் படும் சிரமம் ஒன்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். குளிர்சாதனக் காற்றுக்குழாய்களை, அதாவது டக்ட்களை வரையும்போது, ஒரே எல்போ, அதாவது வளைவு இணைப்பு, ஓரிடத்தில் சரியாக அமர்கிறது. அடுத்த திருப்பத்தில் அகலமும் உயரமும் இடம் மாறி, 90 டிகிரி புரண்டு நிற்கிறது. பல அலுவலகங்களில் இதை மென்பொருளின் கோளாறு என்று சொல்லி, இணைப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ்பாரைத் தட்டித் திருப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

விளைவு திரையோடு முடிவதில்லை. 600 × 300 மி.மீ. குழாய் ஒன்று கிடைமட்டமாகத் திரும்பும்போது வளைய வேண்டியது 600 மி.மீ. பக்கம். மைய ஆரத்தை வளையும் பக்கத்தின் ஒன்றரை மடங்காக வைக்கும் பொதுவான நடைமுறைப்படி, ஆரம் 900 மி.மீ. இணைப்பு புரண்டுவிட்டால் வளைவது 300 மி.மீ. பக்கமாகி, ஆரமும் 450 மி.மீ. ஆகிவிடும். தகட்டின் வடிவம், காற்றின் அழுத்த இழப்பு, பொய்க்கூரைக்கு மேல் தேவைப்படும் உயரம் ஆகிய மூன்றும் அதனோடு மாறிவிடும். 400 மி.மீ. இடைவெளிக்குள் 600 மி.மீ. உயரக் குழாய் நுழையாது என்பதைத் தளத்தில் கண்டறிவதைவிட மேசையிலேயே கண்டறிவது எவ்வளவோ நல்லது.

இந்தப் புரளல் காரணமின்றி நிகழ்வதில்லை. ரெவிட் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு ஃபேமிலி, அதாவது அளவுகளை மாற்றிப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த வடிவம். அதன் முனைகளில் குழாயோடு சேரும் இடமான கனெக்டர் ஒவ்வொன்றும் தனக்கென அச்சுகளைக் கொண்டது. எந்தத் திசை அகலம், எந்தத் திசை உயரம் என்பதை அந்த அச்சுகளே முடிவு செய்கின்றன. இரு முனைகளில் ஒன்றில் மட்டும் அகலமும் உயரமும் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தால், ஒரு பக்கமிருந்து வரைந்தால் சரியாகவும் எதிர்ப்பக்கமிருந்து வரைந்தால் தவறாகவும் வரும். முதன்மை கனெக்டர் எது என்பதும், குழாயை எந்த வரிசையில் வரைந்தோம் என்பதும் இணைப்பின் நிலையைத் தீர்மானிக்கின்றன. சாய்வுக் கிளையுள்ள டீயில் (மூன்று முனைகள் கொண்ட கிளை இணைப்பில்) கிளை காற்றோட்டத்துக்கு எதிராகத் திரும்பி நிற்பதைக் கண்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

செங்குத்துக் குழாயில் சிக்கல் இன்னும் ஆழமானது. கிடைமட்டக் குழாய்க்கு 'மேல்' என்றொரு திசை இயல்பாகவே உண்டு. நேராக மேலே ஏறும் குழாய்க்கு அது இல்லை. ஆகவே அகலம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு மென்பொருள் ஏதேனும் ஒரு விதியை வைத்துக்கொண்டாக வேண்டும். ஆட்டோகேட் எனும் வரைபட மென்பொருளின் டிஎக்ஸ்எஃப் கோப்பு வடிவத்தில் இத்தகைய விதி ஒன்று வெளிப்படையாகவே உள்ளது: ஒரு பொருளின் அச்சு செங்குத்திலிருந்து விலகும் கூறுகள் இரண்டுமே 1/64-க்குக் குறைவாக இருந்தால் ஒய் அச்சையும், இல்லாவிட்டால் இசட் அச்சையும் ஆதாரமாகக் கொள்கிறது. அதாவது, ஏறத்தாழ ஒரு டிகிரிச் சாய்வே குறுக்குத் திசைகளைச் சட்டென மாற்றிவிடப் போதும். கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரியும் குழாய் உண்மையிலேயே செங்குத்தா என்று அளந்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கண்டறியும் வழி எளிது. வெற்றுக் கோப்பில் 600 × 300 குழாயை இடம், வலம், மேல், கீழ் எனத் திருப்பி வரைந்து, அதே பாதையை எதிர்முனையிலிருந்து மீண்டும் வரைய வேண்டும். சதுரக் குழாயில் சோதிப்பது வீண். அங்கே புரண்டாலும் தெரியாது. எல்லாத் திசையிலும் ஒரே தவறு வந்தால் ஃபேமிலியின் அச்சுகளைத் திருத்த வேண்டும். வரையும் வரிசையைப் பொறுத்துத் தவறு மாறினால், கனெக்டர்களின் அகல உயரப் பொருத்தத்தையும் முதன்மைத் தேர்வையும் ஒப்பிட வேண்டும். கோண அளவுரு இரு கனெக்டர்களுடனும் இணைந்துள்ளதா, மையக்கோடுகள் சந்திக்கும் புள்ளியிலேயே ஃபேமிலியின் ஆதாரப்புள்ளி உள்ளதா என்பதையும் 30, 45, 90 டிகிரிகளில் வளைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். கையால் திருப்பிய இணைப்பு அந்த ஓரிடத்தைத்தான் காப்பாற்றும். குழாயை அழித்து மீண்டும் வரைந்தால் பழைய தவறு அப்படியே திரும்பிவிடும்.

ஆகவே, ஃபேமிலிகளைத் தயாரித்து வழங்கும் நிறுவனங்கள் இச்சோதனையை முடித்த பின்னரே அவற்றை வெளியிட வேண்டும். பயிற்சி நிலையங்கள் குழாய் வரையக் கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், கனெக்டரின் அச்சுகளைப் படித்தறியவும் கற்றுத்தர வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளிர்சாதனக் குழாய் அமைப்புகளை வரையும் பொறியாளர் ஒருவர்