எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு இன்ச் டேப்: எங்கள் கம்பெனி நலக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நலக் குழுவினருக்கு,

வணக்கம். ஒன்றாம் தேதி எங்கள் எடையைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று இந்த மாதம் பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். செக்கிங் பிரிவில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'முன்னேற்றம் இல்லை' என்று இருக்கிறது. இன்னும் ஏழெட்டுப் பெண்களுக்கும் அதே சிவப்பு. நீங்கள் ஏற்பாடு செய்த உடற்பயிற்சி மாஸ்டரிடம் ஷிப்டுக்கு முன்னால் வந்து விடாமல் உட்கார்ந்து எழுந்தவர்கள் எல்லாரும்.

தொடங்கியபோது என் எடை 68 கிலோ, இப்போதும் 68தான். இதில் தகராறு இல்லை. ஆனால் இடுப்புச் சுற்றளவு 38 இன்ச்சிலிருந்து 35க்கு வந்திருக்கிறது. நாள் முழுக்கக் கழுத்தில் டேப்போடு நிற்கிறவள் அளந்த அளவு, நம்பலாம்.

எடை குறையாமல் அளவு எப்படிக் குறையும் என்று திருப்பூரில், அதுவும் ஒரு பனியன் கம்பெனியில் கேட்பதுதான் வேடிக்கை. வாஷ் டெஸ்ட் முடித்துக் காய வைத்த பீஸைப் பாருங்கள். நீளம் குறைந்திருக்கும், எடை அப்படியே இருக்கும், ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, ஏறியிருக்கும். உடம்பில் நடப்பது இதைவிடக் கொஞ்சம் சிக்கல். கொழுப்பு தசையாக மாறிவிடுவதில்லை. அது ஒரு பக்கம் கரைகிறது, தசை இன்னொரு பக்கம் சேர்கிறது. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 1.1 லிட்டர் இடம் பிடிக்கும், ஒரு கிலோ தசை ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். இது மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே போகிறது, எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். வயிற்றில் மொத்தமாகக் குவிந்திருந்தது குறைகிறது. சேர்கிற தசையோ தொடை, முதுகு, தோள் என்று பரவலாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் சுடிதார் தொளதொள என்கிறது, மெஷின் மட்டும் அசையவில்லை.

அப்புறம் தண்ணீர். புதிதாகப் பயிற்சி செய்து வலி எடுத்த தசையில் நீர் கோக்கும். தசையில் சேர்த்து வைக்கிற சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துக்கொள்ளும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூட ஏறிக் காட்டும். உங்கள் மெஷினுக்கு ஒன்றாம் தேதி மட்டும்தான் தெரியும். யாருக்கு எந்த நாள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பச்சை மையில் முதலிடம் வாங்கிய அயர்னிங் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தின நாள் மதியமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ராத்திரிச் சாப்பாடும் இல்லை, காலை டீயும் இல்லை. செக்யூரிட்டி அண்ணன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி எண்ணை வாசித்தார், சிலர் கைதட்டினார்கள். அதோடு நேராக ஸ்டீம் அயர்ன் டேபிளுக்குப் போய் நின்றார். பதினோரு மணிக்குக் கண் இருட்டுகிறது என்று பீஸ் பண்டல் மேலேயே சாய்ந்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. நாங்கள் தண்ணீர் கொடுத்தோம். ஒரு பாட்டில் முழுசும் ஒரே மூச்சில் போனது. குறைந்ததாக நீங்கள் எழுதி வைத்த எடையில் முக்கால் கிலோவாவது அப்போதே திரும்பி வந்திருக்கும். ஹாட்பாக்ஸ் பரிசை நீங்கள் கொடுத்தது அந்தத் தாகத்துக்கு.

பிழைத்துப்போகட்டும், பரிசு அவருக்கே இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: எடையோடு இடுப்பளவையும் எடுங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் ஊர்க்காரருக்கு 21.2 சதவீதம். நம் உடம்பு வாகே அப்படி, வயிற்றில்தான் சேரும். சர்க்கரை நோய்க்கு அதுவும் ஒரு வழி. இந்தியர்களுக்குப் பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர், ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர் என்று இடுப்புக்கு வரம்பு வைத்திருப்பதும் அதனால்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஊர் ஊராக வீடு ஏறி டேப் வைத்து இடுப்பை அளந்திருக்கிறார்கள். மேசைக்கு மேசை டேப் தொங்குகிற நம் கம்பெனியில் மட்டும் முடியாதா?

பையர் ஆடிட் வந்தால் அரை இன்ச் கூடினாலும் குறைந்தாலும் பண்டலையே பிரித்துப் போடச் சொல்கிறீர்கள். அவ்வளவு அளவு பார்க்கிற நீங்கள் எங்களை மட்டும் மூட்டை மாதிரி நிறுத்துப் பார்க்கிறீர்கள். கேன்டீனில் தினமும் போண்டா, ராத்திரி ஓவர்டைம், தூக்கம் ஐந்து மணி நேரம். இதற்கெல்லாம் பட்டியல் ஒட்டினால் சிவப்பு மை பத்தாது. குழுவில் இருக்கிறவர்கள் யாரும் இதுவரை அந்த மெஷினில் ஏறியதாகத் தெரியவில்லை. சரி, கோபத்தில் எங்கேயோ போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணிவாகக் கேட்கிறேன். அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து இடுப்பளவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். பெண்களைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணே அளக்கட்டும். நானே வருகிறேன், ஓவர்டைம் கேட்க மாட்டேன். எண்ணை அவரவர் கார்டில் எழுதிக் கொடுத்தால் போதும். பஞ்சிங் மெஷின் பக்கத்தில் இருக்கிற பட்டியலை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவிலிருந்து ஒருத்தி