சி வரிசையில் சிகாகோ

ஹூஸ்டன்,
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு மூவரும் நலம். அங்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் எப்படி? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

சிகாகோவுக்கு விமானத்தில் சௌகரியமாகப் போய் வந்தோமா என்று போனில் கேட்டீர்கள். அப்போது பேச முடியவில்லை, இப்போது கொட்டிவிடுகிறேன். நாங்கள் போனது சௌத்வெஸ்ட் என்ற கம்பெனியின் மலிவு விமானம். டிக்கெட்டில் சீட் நம்பரே கிடையாது. முதலில் ஏறுகிறவர் விரும்பிய இடத்தில் உட்காரலாம். நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதையே கோட்டு சூட்டுப் போட்டுச் செய்கிறார்கள்.

யார் முதலில் ஏறுவது என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 60 வரை எண். விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போது போனில் செக்-இன் திறக்கும். உங்கள் மாப்பிள்ளை அலாரம் வைத்துக்கொண்டு அந்த நொடியிலேயே அழுத்தினார். கிடைத்தது சி-14. காரணம், 15 டாலரிலிருந்து கூடுதலாகக் கட்டியவர்களுக்கு முன்கூட்டியே எண் போய்விடுகிறது. அப்புறம் அலாரம் எதற்கு?

சின்னக் குழந்தையோடு வருபவர்களை ஏ-வுக்கும் பி-க்கும் நடுவில் ஏற்றுவார்கள். அது ஆறு வயது வரைதான். யாழினிக்கு ஏழு முடிந்துவிட்டது.

கேட்டில் எண் எழுதிய கம்பங்கள் நிற்கும். ஒருவரை ஒருவர் “உங்கள் எண் என்ன?” என்று சிரித்துக்கொண்டே விசாரிப்பார்கள். பள்ளிக்கூட அசெம்பிளி தோற்றது. எல்லோருக்கும் முன்னால் சக்கர நாற்காலிக்காரர்களை ஏற்றுவார்கள். நியாயம்தான். ஆனால் ஏறும்போது நாற்காலியில் போனவர்களில் சிலர் இறங்கும்போது பெட்டியை இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போனார்கள்! உண்மையிலேயே முடியாத பெரியவர்களையும் இவர்களால் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

நாங்கள் உள்ளே போனபோது நடு சீட்டுகள்தான் மிச்சம், அதுவும் ஆங்காங்கே. ஒவ்வொரு நடு சீட்டுக்கும் ஒரு காவல். ஒருவர் பையை வைத்திருந்தார், ஒரு பெண் கண்ணை இறுக மூடித் தூங்கினாள். தொப்பியை வைத்திருந்த ஒருவர், “மனைவி பாத்ரூம் போயிருக்கிறாள்” என்றார். விமானம் கிளம்பி மேகத்துக்கு மேலே போயும் அந்த அம்மாள் வரவில்லை. பணிப்பெண்ணிடம் சொன்னால், இடம் பிடித்து வைக்கலாம் என்றும் விதியில்லை, கூடாது என்றும் விதியில்லை என்று தோளைக் குலுக்குகிறாள். யாழினி 18-ஆம் வரிசையில், நான் 23-இல், மாப்பிள்ளை கடைசியில். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் தானே எழுந்து எனக்கு இடம் விட்டான். நன்றாக இருக்கட்டும்.

பெட்டி வைக்கவும் மேலே இடமில்லை. முன்பு இரண்டு பெட்டிகளை இலவசமாக அனுப்பலாம். இந்த மே மாதக் கடைசியிலிருந்து முதல் பெட்டிக்கே 35 டாலர். அதனால் ஆளாளுக்கு எல்லாவற்றையும் உள்ளே தூக்கி வருகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், “இதற்கே சலித்துக்கொள்கிறாயா?” என்கிறார். 2007-க்கு முன் எழுத்து மட்டும்தானாம், எண் இல்லையாம். நல்ல இடத்துக்காக மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்திருப்பார்களாம். சீட் நம்பர் இல்லாவிட்டால் சீட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் ஜனங்கள் சட்டென்று உட்காருவார்கள், விமானம் சீக்கிரம் கிளம்பும், தரையில் நிற்கும் விமானம் காசு சம்பாதிக்காது என்பது கம்பெனியின் கணக்கு. அந்தக் கணக்கும் இப்போது மாறிவிட்டது. வருகிற ஜனவரி 27 முதல் எல்லோருக்கும் சீட் நம்பர் உண்டு. ஐரோப்பாவின் மலிவு விமானக் கம்பெனிகளில் ஈஸிஜெட் 2012-லும் ரயன்ஏர் 2014-லும் இப்படி மாறிவிட்டன. ஆனால் பாருங்கள், இங்கே ஆக மலிவான டிக்கெட்டுக்கு கம்பெனி கொடுப்பதுதான் சீட், பிடித்ததை எடுக்கத் தனிக் காசு. முன்பு அலாரமாவது இலவசம்.

நீங்கள் கோடையில் வரும்போது சிகாகோ போகலாம். அம்மா காலை நீட்டிக்கொள்ள நடைபாதை ஓர சீட்டைக் காசு கொடுத்தே எடுத்துவிடலாம். மாப்பிள்ளை முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் எப்போது முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள், விசா வேலையைத் தொடங்க வேண்டும்.

அன்பு மகள்,
கவிதா