சேகருக்கு, பில்லி ஹாலிடே விஷயமாக

அன்புள்ள சேகர்,

உன் குரல்செய்தி வந்து எத்தனை நாளாயிற்று என்று நீ கணக்குப் பார்க்காதே, நானும் பார்க்கவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். கௌரிக்கு முட்டிவலி தேவலை. மாடிப்படி ஏறுகிறாள், ஏறி முடித்ததும் என்னைத் திட்டுகிறாள். சின்னவன் வேலை மாறிவிட்டான். பட்டாபி சார் இன்னும் அதே சைக்கிள்தான். கோபியைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் நீ அதைக் கோபிக்கே படித்துக் காட்டுவாய்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

உன் மருமான் வீட்டில் என் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயைக் கேட்டாயாம். "தொண்டையில மண்ணைப் போட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு, தாளத்துக்குப் பின்னாடியே இழுத்துக்கிட்டு வருது, இதுக்காடா காலேஜ்லேருந்து உயிரை விடுறே" என்று சொல்லிவிட்டு, கடைசியில் அந்தச் சிரிப்பு வேறு. எந்த ரெக்கார்டு என்று அவனையே கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'லேடி இன் சாட்டின்'. 1958 பிப்ரவரியில் பதிவானது. பின்னால் ஒரு கூட்டம் வயலின், நடுவே 42 வயதில் உடைந்துபோன குரல். அடுத்த வருஷம் ஜூலையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை ரசிக்கிறவர்கள் உண்டு, நானும் சில நாள் ரசிப்பேன். ஆனால் ஒரு வித்வானின் கடைசிக் கச்சேரியை மட்டும் கேட்டுவிட்டு அவர் இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் நீ விடுவாயா? நாலு தெரு கேட்கிற மாதிரிக் கத்துவாய்.

உன் மேல் மட்டும் கோபம் இல்லை. ஊரே அப்படித்தான். அவளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் போதைமருந்து, 1947 சிறைவாசம், அடித்த புருஷன்மார்கள் என்று போய், 44 வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிக்கிறார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இருபது வயதுப் பெண் சிரித்துக்கொண்டே பாடியதிலும் சோகம்தான் கேட்கும். எனக்கு எரிச்சலே இதுதான். 1935 முதல் 1938 வரை அவள் பாடியதைக் கேள். அதில் எவ்வளவு குஷி, எவ்வளவு குறும்பு!

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், பொறு. முதல் பதிவு 1933 நவம்பர் 27, நியூயார்க். அவளுக்குப் பதினெட்டு. ஜான் ஹாமண்ட் என்று ஒரு பணக்கார வீட்டுப் பையன், அவனுக்கே அப்போது இருபத்திரண்டுதான், ஹார்லெம் கிளப்பில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு பென்னி குட்மேன் குழுவோடு பாட வைத்தான். அதற்கு மூன்று நாள் முன்னால் இதே ஹாமண்ட் இன்னொரு பதிவு நடத்தியிருந்தான்: ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித். அதுதான் பெஸ்ஸியின் கடைசிப் பதிவு. ஒரே வாரத்தில் ஒருத்தி கடை மூட, இன்னொருத்தி கடை திறந்திருக்கிறாள். அந்த வாரத்தில் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

அந்த முதல் பாட்டு சுமார்தான், உன்னிடம் மறைப்பானேன். சுருதி அவளுக்கு உயரம், குரலில் பயம் தெரிகிறது, குட்மேன் ஆட்கள் அவசர அவசரமாக வாசிக்கிறார்கள். வரலாற்றுக்காக ஒரு தடவை கேட்டால் போதும்.

அப்புறம் ஒன்றரை வருஷம் கழித்து, 1935 ஜூலை 2. இங்கேதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். பியானோ டெடி வில்சன், வயது 22. டிரம்பெட் ராய் எல்ட்ரிட்ஜ், 24. டெனர் சாக்ஸ் பென் வெப்ஸ்டர், கிளாரினெட் குட்மேன், இரண்டு பேருக்கும் 26. அவளுக்கு 20. நம் மாடி ரூம் கூட்டத்தின் வயது! நாம் அந்த வயதில் என்ன சாதித்தோம் என்று யோசித்துப் பார்த்தேன், மூன்றாவது டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ' அன்று பதிவானது. ஒன்றும் இல்லாத பாட்டு, நிலா வெளிச்சம், காதல், அவ்வளவுதான். அதை ரயில் வேகத்தில் எடுக்கிறார்கள். குட்மேன் கிளாரினெட்டில் துள்ளிக்கொண்டு தொடங்குகிறான். மூச்சு வாங்குகிற வேகம். அதன் மேல் இந்தப் பெண் வந்து இறங்குகிறாள் பார், துளி அவசரம் கிடையாது. நீ பாலக்கரையில் ஓடுகிற பஸ்ஸில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாவகாசமாக ஏறுவாயே, அதே மிதப்பு. பஸ் தவறவும் தவறாது, அவசரப்படவும் மாட்டாய். அவள் தாளத்துக்குப் பின்னால் வருகிறாள் என்று குறை சொன்ன மனுஷன், ஊரில் யாரும் அந்த வித்தையை அறியாத மாதிரிப் பேசுகிறாய்.

மிருதங்கக்காரனுக்குச் சொல்கிறேன், கையில் தாளம் போட்டுக் கேள். நாலு நாலாக எண்ணு. இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் 32 பார், ஒரு பார் என்றால் நாலு எண்ணிக்கை. எட்டு பாருக்கு ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, நடுவில் வேறொரு எட்டு, திரும்ப முதல் மெட்டு. கிட்டாரும் பாஸும் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே போகும், அசையாது. அவள் வரி எங்கே விழுகிறது என்று மட்டும் பார். கொஞ்சம் தள்ளி எடுப்பாள், இன்னும் தள்ளுவாள், போச்சு, விட்டுவிட்டாள் என்று நீ நினைக்கும்போது ரெண்டு சொல்லை நெருக்கிப் போட்டு முடிக்க வேண்டிய இடத்தில் முடித்திருப்பாள். நம் எடுப்புக் கணக்கில் இதை எழுதிவிடலாம் என்று நினைக்காதே. நான் காகிதம் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தாயிற்று, சிக்கவில்லை.

மெட்டையும் சும்மா விட மாட்டாள். அவளுக்கு மொத்தமே ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல்தான் எட்டும். எழுதி வைத்தவர் மெட்டை ஏற்றி இறக்கி வைத்திருந்தால், இவள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தட்டிவிட்டு ஒரே ஸ்வரத்தில் நின்று பேசுகிற மாதிரி நாலு சொல் சொல்வாள், அப்புறம் ஒரே ஒரு இடத்தில் வளைப்பாள். அந்த வளைவில் பாட்டு அவளுடையதாகிவிடும். பெஸ்ஸி ஸ்மித்தின் கனமும் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் உணர்ச்சியும் வேண்டும் என்று ஆசைப்பட்டவள். ஆனால் பெஸ்ஸி மைக் இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கிற தொண்டை, இவளுடையது சின்னக் குரல். மைக் வந்த காலத்தில் பிறந்தது அவள் அதிர்ஷ்டம், நம் அதிர்ஷ்டமும்தான். காதருகே பேசுகிறாள்.

இத்தனையும் எதற்காகச் செய்தார்கள் தெரியுமா? ஜூக்பாக்ஸுக்கு. சில்லறை போட்டால் பாடுகிற பெட்டிக்கு மலிவாகத் தட்டு வேண்டும். நல்ல பாட்டெல்லாம் பெரிய குழுக்களுக்குப் போய்விடும், மிச்சம் மீதிதான் இவர்கள் கைக்கு வரும். வாத்தியத்துக்கு வாத்தியம் எழுதிக் கொடுக்க ஆள் வைத்தால் செலவு, அதனால் ஸ்டுடியோவிலேயே பேசி முடித்துக்கொள்வார்கள். ஒரே அமர்வில் நாலு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம், 78 ஆர்பிஎம் தட்டில் அதற்கு மேல் கொள்ளாது. அவளுக்குக் கையில் ஒரு தொகை, அதோடு சரி. விற்றதில் பங்கு கிடையாது. எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் அந்தக் கணக்கில் அவளுக்குக் காலணா வராது. இதை எழுதும்போதே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, கௌரியிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று. அந்த ஸ்டுடியோவில் வெள்ளைக்காரக் குட்மேனும் கறுப்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள், 1935-இல். மேடையில் அப்படி உட்கார முடியாது. தட்டில் தோலின் நிறம் தெரியாது, அதனால் முடிந்தது. 1938-இல் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் குழுவில் அவள் பாடகியாகச் சேர்ந்தாள். தெற்கே பட்ட அவமானங்கள் இருக்கட்டும், நியூயார்க்கிலேயே ஒரு ஹோட்டலில், தங்கியிருப்பவர்கள் கண்ணில் படாமல் சரக்கு லிஃப்டில் ஏறிப் போ என்றார்கள். மேலே போய் அவர்களுக்குப் பாடப் போகிறவளை. அந்த ஹோட்டலின் பெயர் லிங்கன். அந்த வருஷக் கடைசிக்குள் குழுவை விட்டு வந்துவிட்டாள். இந்தக் கட்டத்தில் எனக்கு எழுத வார்த்தை வருவதில்லை, சேகர். நம் ஊர்க் கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர்கள் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதைப் பெரியப்பா சொல்வாரே, நீயும் கேட்டிருக்கிறாய்.

லெஸ்டர் யங்குக்கு வராமல் இவ்வளவு வளவளத்துவிட்டேன். 1937 ஜனவரி 25. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவிலிருந்து லெஸ்டர், பக் கிளேட்டன், வால்டர் பேஜ், ஜோ ஜோன்ஸ் நால்வரும், சீக்கிரமே அந்தக் குழுவில் சேரப்போகிற ஃப்ரெடி கிரீனும் வந்து வில்சனோடு உட்கார்ந்தார்கள். 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' பாட்டை லெஸ்டர் சாக்ஸபோனில் தொடங்குகிறான். மெட்டை அப்படியேதான் வாசிக்கிறான், ஆனால் கனமே இல்லாத ஒரு ஒலி. அப்போது எல்லோரும் டெனர் சாக்ஸை முழங்க வைத்தார்கள், இவன் ஒருவன்தான் அதில் மெல்லப் பேசினான். அவன் முடித்த இடத்தில் அவள் எடுக்கிறாள். இருவருக்கும் ஒரே மூச்சு. அவளுக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தது அவன், அவனுக்கு 'பிரெஸ்' என்று, அதாவது பிரசிடெண்ட் என்று, வைத்தது அவள். கொஞ்ச காலம் அவள் அம்மா வீட்டில் குடியிருந்திருக்கிறான். காதலா என்று உடனே கேட்பாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா? நட்புதான்.

ஜூன் 15-ஆம் தேதி பதிவில் 'எ செயில்போட் இன் த மூன்லைட்' இருக்கிறது. அதே பாட்டை கை லொம்பார்டோ குழு வாசித்து ஏகமாக விற்றது. அதைக் கேட்டால் பல் கூசும், அவ்வளவு சர்க்கரை. பிறகு இவர்களுடையதைப் போடு. அதே மெட்டு, அதே சொல். அவள் ஒவ்வொரு வரியும் பாட, லெஸ்டர் பின்னால் அவள் விட்ட இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறான். ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிப்பதே இல்லை. பக்கவாத்தியம் என்றால் என்ன என்று நீ எனக்கு நாலு வருஷம் வகுப்பெடுத்தாயே, அதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பேஸி குழுவோடு அவள் ஊர் ஊராகப் பாடிய வருஷமும் அதுதான். பேஸிக்கு ஒரு கம்பெனி ஒப்பந்தம், இவளுக்கு வேறொன்று. அதனால் ஸ்டுடியோவில் சேர்ந்து ஒரு பாட்டுகூடப் பதியவில்லை. ரேடியோ ஒலிபரப்பிலிருந்து பிடித்தது மூன்று பாட்டு மிஞ்சியிருக்கிறது. வக்கீல் காகிதத்தால் உலகம் எதையெல்லாம் இழக்கிறது பார்.

'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பற்றிக் கேட்பாய். கறுப்பர்களைக் கொன்று மரத்தில் தொங்கவிட்டதைப் பற்றிய பாட்டு. 1939 ஏப்ரல், கொலம்பியா கம்பெனி மறுத்து, கொமடோர் என்ற சின்னக் கம்பெனி பதிந்தது. பெரிய பாட்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதை எடுத்துவைத்துக்கொண்டு ரசிக்க முடியாது, கேட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும். அதற்குப் பிறகு அவள் பாடும் வேகமும் குறைந்தது, கேட்க வந்தவர்கள் சோகத்தையே எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேண்டியது அதற்கு முந்தியவள்.

சாரதா ஒன்று சொன்னாள். மிருதங்கத்துக்கு உறை போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டாயாம், வலது கை நடுங்குகிறதாம். என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்கிறேன். நரம்பு டாக்டர், உன் தெருமுனை ஆள் இல்லை. பார்க்கவில்லை என்றால் தை பிறந்ததும் நானே வந்து கூட்டிப்போகிறேன், கௌரியும் வருவாள், தப்பிக்க முடியாது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

முதலில் அந்த ஜூன் 15 படகுப் பாட்டு, அப்புறம் 'மீ, மைசெல்ஃப் அண்ட் ஐ', அதுவும் அன்றே பதிந்தது. நிலா வெளிச்சத்தைக் கடைசியில் வைத்துக்கொள். இயர்ஃபோனில் கேட்காதே, ஸ்பீக்கரில் போடு, கை சும்மா இருக்காது. லெஸ்டர் எந்த இடத்தில் நுழைகிறான் என்று குறித்து அனுப்பு, நான் பிடித்த இடமும் நீ பிடித்த இடமும் ஒன்றா என்று பார்ப்போம். குரல்செய்தி வேண்டாம், கையால் எழுது. உன் குரல்செய்தியில் பாதி உங்கள் தெரு ஆட்டோ சத்தம்தான்.

உன்
வெங்கட்